நாலு இன்ஜின் அண்ணன்

பூமியில் பிறந்தவர்களில் ஆகாயத்தைப் பார்த்துத் தினமும் முகம் சுளித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். மழை இல்லை என்றோ வெயில் அதிகம் என்றோ அல்ல. மேலே போகிற விமானத்துக்கு இரண்டே இரண்டு இன்ஜின் என்பதற்காக.

"போவுது பாரு மொபெட்டு" என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் உட்கார்ந்திருப்பது தன்னுடைய மொபெட்டின் மேல்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடைப் பலகையில் அவர் பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கு அவர் 'நாலு இன்ஜின்'. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் செய்த நாலு இன்ஜின் விமானங்களைத் தவிர மற்ற எதையும் அவர் விமானமாக மதிக்கவில்லை. லங்காஸ்டர், வைகவுண்ட், காமெட், வல்கன், கான்கார்ட். இந்த ஐந்தையும் பஞ்சபாண்டவர்களைச் சொல்வது போல விரல் மடக்கிச் சொல்வார். ஸ்பிட்ஃபயருக்கு ஒரே இன்ஜின்தானே என்று யாராவது மடக்கினால், "அது குழந்தைய்யா. குழந்தையப் போயி எண்ணுவாங்களா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிடுவார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், செங்கல் சூளை, கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவுவது என்று சுற்றிவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஒரு மெஸ்ஸில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். மெஸ்ஸை மூடிவிட்டார்கள். பதினொரு நாள் அம்மா மண்டபம் படித்துறையில் படுத்தேன். காற்று நன்றாகத்தான் இருந்தது, கொசு கொஞ்சம் கூடுதல். பன்னிரண்டாம் நாள் காலையில் சந்து முனையில் ஒரு மனிதர் பெரிய டிவி ஒன்றைத் தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு பக்கம் பிடித்தேன். கடைக்குள் இறக்கி வைத்ததும் என் துணி மூட்டையைப் பார்த்தார்.

"தங்கறது எங்க?"

"படித்துறைலங்க."

"பரண் இருக்கு. எலியும் இருக்கு."

"பரவால்லண்ணே."

நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். எனக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அங்கே நாலு வருடம் இருந்தேன். அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, நான் எங்கேயும் அவ்வளவு காலம் இருந்ததில்லை.

தொழிலில் அவர் கெட்டிக்காரர். மற்ற கடைக்காரர்கள் தூக்கிப் போடச் சொன்ன போர்டுக்கு உயிர் கொடுப்பார். ஆனால் உயிர் வந்த டிவி அவ்வளவு சுலபமாக வீடு திரும்ப முடியாது. அதற்கு ஒரு பரீட்சை உண்டு. டாக்குமெண்டரி சேனலில் பழைய இங்கிலீஷ் விமானம் ஏதாவது வர வேண்டும். நாலு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகிற சத்தம் அந்த ஸ்பீக்கரில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் பாஸ். சேனல்காரர்கள் அந்த மாதம் முழுக்க சிங்கமும் முதலையுமாகக் காட்டினால், பாவம், டிவி கடையிலேயே கிடக்கும்.

உத்தர வீதி மாமி ஒருவருடைய டிவி அப்படி ஐந்து வாரம் கிடந்தது. மாமி குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"ஏன்டாப்பா, பெருமாள் பொறப்பாடாகி வீதி வலம் வந்து உள்ளே எழுந்தருளியும் ஆயிடுத்து. என் டிவி உன் கடைய விட்டு இன்னும் பொறப்படலையே?"

"படம் வந்தாச்சு மாமி. சத்தப் பரீட்சைதான் பாக்கி."

"நான் கேக்கறது உபன்யாசம். அதுக்கு எத்தன இன்ஜின் வேணும்?"

"உபன்யாசகர் மூச்சு விடறதுகூட சுத்தமா கேக்கணும் மாமி. அரைகுறையா குடுத்தா நான் மெக்கானிக்கா?"

மாமி என் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லப்படாதா?"

நான் பரணில் படுக்கிறவன். தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று இருவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்தச் சேனலில் விமான நிகழ்ச்சி. ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். பரீட்சைக்குக் காத்திருக்கும் ஐந்தாறு டிவிகளும் ஒரே நேரத்தில் எரியும். சுவரில் மூன்று, மேசையில் இரண்டு, தரையில் என் தலையணையில் சாய்ந்தபடி ஒன்று. எல்லாவற்றிலும் ஒரே வானம். வெளியே சந்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே மேகம் ஓடிக்கொண்டிருக்கும். வல்கன் என்று ஒன்று, வௌவால் மாதிரி பெரிய முக்கோணம், அது ஒரு டிவியிலிருந்து கிளம்பி அடுத்த டிவிக்குள் நுழைவது போலவே இருக்கும். சோல்டரிங் புகை மெல்ல எழுந்து அந்த மேகங்களோடு கலக்கும். நான் சோறு தின்றுவிட்டு உட்கார்ந்திருப்பேனா, கண் பாதி சொக்கிவிடும். பரண், எலி, நாளைக்கு என்ன என்ற கவலை எல்லாம் கீழே சின்னச் சின்னப் புள்ளிகளாகப் போய்விடும். கடை ஓடுதளத்தை விட்டு எழுந்துவிட்டது என்றே சத்தியம் செய்வேன்.

அந்த ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது. பேசுகிற உரிமை அவருக்கு மட்டும். "ஏய், இறக்கைய மூடாத, இன்னும் காட்டு" என்று கேமராக்காரருக்கு உத்தரவு போடுவார். பேட்டி கொடுக்கும் கிழட்டு விமானி கண் கலங்கினால் இவர் துண்டை எடுப்பார். நடுவில் சோப்பு விளம்பரம் வந்தால் அந்தச் சோப்பை அந்த மாதம் வாங்க மாட்டோம். இப்படி விலக்கி விலக்கி, கடைசியில் எங்களுக்குக் குளிக்க ஒரே ஒரு சோப்புதான் மிஞ்சியது. அது மாடு குளிப்பாட்டுகிற சோப்பு என்று பின்னால் தெரிந்தது.

நிகழ்ச்சி தமிழில் டப் செய்யப்பட்டு வரும். ஒரு நாள் அந்தக் கனத்த குரல், "இரண்டு இன்ஜின்களைக் கொண்ட லங்காஸ்டர் விமானம்..." என்றது. திரையில் நாலு இன்ஜின் நன்றாகத் தெரிகிறது. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். கேபிள் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு உடனே போன். அவர் கோபம் எனக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார், சொல்லுங்க சார்."

"ஏம்மா, லங்காஸ்டருக்கு எத்தன இன்ஜின்னு உங்க மேனேஜருக்குத் தெரியுமா?"

"சார், அது எந்தப் பேக்கேஜ்ல வருது சார்?"

"அது பேக்கேஜ்ல வராதும்மா, வானத்துல வரும்! நாலு இன்ஜின ரெண்டுன்னு சொல்லிட்டான்!"

"நாலு கனெக்‌ஷன்ல ரெண்டுதான் வேலை செய்யுதா சார்? செட்டாப் பாக்ஸ ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்."

அண்ணன் அந்தப் பெண்ணுக்கு இருபது நிமிடம் லங்காஸ்டர் பாடம் எடுத்தார். கடைசியில் அவள், "சார், என் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான், அவன்கிட்ட சொல்றேன் சார்" என்றாள். அண்ணனுக்குக் கோபம் போய்விட்டது. "நல்ல பொண்ணுடா" என்றார்.

ஐந்தில் அவருக்கு உயிர் வைகவுண்ட். சின்ன வயதில் அவர் அப்பா மீனம்பாக்கத்துக்குக் கூட்டிப் போய், பார்வையாளர்கள் நிற்கும் இடத்திலிருந்து அதைக் காட்டினாராம். "அது கிளம்பினப்போ ஊய்ங்குன்னு ஒரு சத்தம் வந்துச்சுடா, குடத்துக்குள்ள வாய வெச்சுப் பாடற மாதிரி. உள்ள ஆட்டமே இருக்காதாம். மேசைல காசை நிமித்தி வெச்சா விழாதாம்" என்பார். சொல்லும்போது அவர் பார்வை சந்தைத் தாண்டி எங்கோ போய்விடும்.

ஒரு நாள் கேட்டேன். "நீங்க எத்தன தடவண்ணே ஏறியிருக்கீங்க?"

"எதுல?"

"ப்ளேன்லதான்."

"அந்த ஸ்க்ரூ டிரைவர எடு" என்றார். அது அவர் கையில்தான் இருந்தது.

அவருக்கு ஒரே மகள், ரங்கநாயகி. இங்கிலாந்தில் நர்ஸ் வேலை. அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டாள். தலை பின்னிவிட்டதிலிருந்து நர்ஸிங் காலேஜில் கொண்டுபோய் விட்டதுவரை அண்ணன்தான். கல்யாணமாகி அங்கே இருந்தவளுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. இப்போது இரண்டாவது. இந்தத் தடவை அப்பா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றாள். அவளே எழுதிப் போட்டு விசாவும் வந்துவிட்டது. அது மூன்று மாதமாக மேசை டிராயரில், பழைய ரிமோட்டுகளுக்கு அடியில் தூங்கியது.

முதலில் கடையில் வேலை கிடக்கிறது என்றார். பிறகு குளிர் ஒத்துக்கொள்ளாது என்றார். கடைசியில் கொள்கையைக் கையில் எடுத்தார்.

"ரெண்டு இன்ஜின்ல நான் வர மாட்டேம்மா. இத்தன வருஷம் திட்டிட்டு அதுலயே ஏறி வந்தா சந்துல ஒருத்தன் மதிப்பானா?"

மகளும் அவர் வளர்த்த பெண்தானே. இரண்டு நாள் தேடினாள். ஞாயிறு மூன்றரை மணிக்கு, நிகழ்ச்சி நடுவில், வீடியோ காலில் வந்தாள்.

"அப்பா! பெங்களூர்ல ஏறினா துபாய் வரைக்கும் நாலு இன்ஜின். மாடி வெச்ச ப்ளேன். அங்கேர்ந்து லண்டனுக்கும் அதே மாதிரி நாலு. மொத்தம் எட்டு இன்ஜின். போதுமாப்பா?"

நான் கைதட்டப் போனேன். அண்ணன் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டேன். அவருக்கு மீசையோரம் வேர்த்திருந்தது.

"மாடி வேற வெச்சிருக்கானா..." என்றார். "ஹலோ? ஹலோ? சிக்னல் இல்லம்மா."

போனில் சிக்னல் கோடு முழுசாக நின்றது.

அன்று அவர் செட்டாப் பாக்ஸில் ஒரு பென் டிரைவைச் சொருகி, காமெட் நிகழ்ச்சியைப் போட்டார். அது பயணிகள் ஜெட் விமானங்களில் மூத்தது, பார்க்க அவ்வளவு அழகு. பறந்துகொண்டே இருக்கும்போது வானத்தில் உடைந்தது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் முழு விமானத்தையும் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே தண்ணீரை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் மூலை ஒன்றிலிருந்து விரிசல் ஓடியது. ஆறு டிவியிலும் அந்த ஒரே விரிசல்.

"பாத்தியா" என்றார். "ஒரு மூலைடா. அவ்வளவுதான்."

டிவிகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

"நான் ஒரு தடவகூட ஏறினதில்லடா. எது எது எப்படி விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். எந்த ஆணி, எந்தக் குழாய், எந்த மூலை, எல்லாம் பாத்துட்டேன். தெரியாதவன் ஏறி உக்காந்து தூங்கறான். நான் எப்படித் தூங்குவேன்?"

"அண்ணே, ஒரு தடவ பிரேக் இல்லாத லாரில நான் கொல்லிமலை இறங்கியிருக்கேன்."

"ஐயையோ. எப்படிடா தைரியம் வந்துச்சு?"

"வரலண்ணே. பிரேக் இல்லன்னு டிரைவர் கீழ வந்துதான் சொன்னாரு."

அவர் கொஞ்சம் சிரித்தார். ஆனால் விசா ரிமோட்டுகளுக்கு அடியிலேயே இருந்தது.

புதன்கிழமை மதியம் மகள் மறுபடி கூப்பிட்டாள். பின்னால் வெள்ளைத் தலையணை, கையில் ஊசிக் குழாய்.

"பிரஷர் ஏறிடுச்சுன்னு அட்மிட் பண்ணிட்டாங்கப்பா. எட்டு மாசம்தான் ஆகுது. முன்னாடியே எடுக்க வேண்டி வந்தாலும் வருமாம்."

அண்ணன் கையில் சோல்டரிங் கம்பி அப்படியே நின்றது.

"நீங்க வர வேணாம்ப்பா. எனக்குத் தெரியும். பொருட்காட்சில ராட்டினத்துல என்னைய மட்டுந்தான ஏத்தி விடுவீங்க? சுத்தி முடிக்கற வரைக்கும் கீழ நின்னு கை காட்டிட்டே இருப்பீங்க. நான் மேல போனப்பல்லாம் பாப்பேன், நீங்க கண்ண மூடிட்டுதான் கை காட்டுவீங்க." அவள் சிரிக்க முயன்றாள். "அங்கேர்ந்தே காட்டுங்க, போதும். எனக்குந்தான் பயமா இருக்கு. அதனால தப்பா எடுத்துக்க மாட்டேன்."

போன் அணைந்ததும் கையிலிருந்ததை அப்படியே மேசையில் வைத்தார். சோல்டரிங் கம்பி மேசையில் ஒரு கருப்பு வட்டம் போட்டது. பிறகு டிராயரை இழுத்து ரிமோட்டுகளைத் தரையில் கொட்டினார்.

"திருச்சிலேர்ந்து சீக்கிரமா போறது எதுன்னு கேளுடா."

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டிராவல்ஸுக்குப் போன் போட்டேன். "கொழும்பு வழியா நாளைக்குக் காலைலயே இருக்காம்ண்ணே. ஆனா..."

"ஆனா என்ன?"

"ரெண்டு இன்ஜின்."

"உன்னைக் கேட்டேனா?" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் கடையில் இருந்த ஆறு டிவிகளையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். உத்தர வீதி மாமிக்கு நம்ப முடியவில்லை.

"பரீட்சை என்னடாப்பா ஆச்சு?"

"எல்லாரும் பாஸ் மாமி" என்றார். விஷயத்தை நான்தான் சொன்னேன்.

மாமி உள்ளே போய்த் தாயார் சன்னிதிக் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தார். "பெருமாள் கருடன் மேல லோகமெல்லாம் சுத்தறார். அதுக்கு ஒரு இன்ஜின்கூடக் கிடையாது. தைரியமா ஏறு. குழந்தை பொறந்ததும் எனக்குத் தகவல் வரணும்."

காலையில் மொபெட்டில் நான் ஓட்ட, அவர் பின்னால் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். காவிரிப் பாலத்தில் ஆறு பாதி மணலும் பாதித் தண்ணீருமாகக் கிடந்தது. ஏர்போர்ட் வாசலில் இறங்கியதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கண்ணாடி இல்லாம எப்படிண்ணே போவீங்க?"

"இதப் போட்டா இறக்கைல இருக்கற ஒவ்வொரு ஆணியும் தெரியும்டா. இல்லன்னா அது வெள்ளையா ஒரு மேகம். மேகத்துல ஏறிக்கறேன்."

வாசலில் நின்ற காவலரிடம் டிக்கெட்டைக் காட்டச் சென்றவர், பக்கத்திலிருந்த தூணிடம் ஒரு முறை காட்டினார். காவலர் நல்லவர். "இங்க நிக்கறேங்க ஐயா" என்று அவரே கையைப் பிடித்து உள்ளே விட்டார்.

நான் மொபெட்டைத் திருப்பிக்கொண்டு செம்பட்டுப் பக்கம் போய் ஓடுதளச் சுவரோரம் நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து அவர் ஏறிய விமானம் எழுந்தது. அதற்கு முன்பு ஆயிரம் விமானங்களை அவரோடு சேர்ந்து அந்த இடத்தில் நின்று கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு எத்தனை இன்ஜின் என்று எண்ணிப் பார்க்கவே தோன்றவில்லை. அது சின்னதாகி, வெள்ளையாகி, இல்லாமல் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டிக்கடைக்காரர், "யாராச்சும் சொந்தக்காரங்க போறாங்களா?" என்றார். நான் சும்மா இருந்தேன்.

கொழும்பிலிருந்து போன் வந்தது.

"இறங்கிட்டேன்டா!"

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"பக்கத்துல ஒரு பாட்டு வாத்தியாரு. அவர் கையப் பிடிச்சதுல அவருக்கு வீங்கிப் போச்சு, பாவம். அப்புறம் பாதி தூரத்துல கண்ணாடியப் போட்டுக்கிட்டேன்டா. மேகத்துக்கு மேல வெயிலு. யாருமே மிதிக்காத வெயிலு." கொஞ்சம் நிறுத்தினார். "நாம டிவில பாத்த கலர் எல்லாம் தப்புடா. இத்தன வருஷம் ஊருக்கெல்லாம் தப்பா செட் பண்ணிக் குடுத்திருக்கேன்."

அவர் அங்கே இறங்கிய நாலாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. ரொம்பச் சின்னது. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பெட்டியில் எந்த மோட்டார் எந்தச் சத்தம் போடுகிறது என்று அண்ணன் நர்ஸுகளுக்கு விளக்கிக்கொண்டிருந்ததாக மகள் சொன்னாள். பிறகு தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள். மாமிக்குத் தகவல் போனது. சந்து முழுக்கச் சர்க்கரைப் பொங்கல்.

இப்போது அவர் வருடத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. இரண்டு இன்ஜின் விமானத்தை இன்னமும் திட்டுகிறார், உள்ளே உட்கார்ந்துகொண்டு. எனக்குத்தான் கால் நிற்கவில்லை. அவர் முதல் தடவை திரும்பி வந்ததும் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அரியமங்கலத்தில் ஒரு பட்டறை, திருவெறும்பூரில் ஒரு கேன்டீன். இந்த வருடம் ஜீயபுரத்தில் வாழைத்தார் ஏற்றுகிறேன்.

போன வாரம் தோப்பில் வேலை நடக்கும்போது ரங்கநாயகி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அங்கே ஒரு விமான அருங்காட்சியகம். பெரிய கொட்டகைக்குள் ஒரு வைகவுண்ட் நிற்கிறது. அதன் இறக்கையோரம் ஏணிகளில் நாலைந்து வெள்ளைக்காரத் தாத்தாக்கள், கையில் துணியோடு. நடு ஏணியில் வேட்டி, ஸ்வெட்டர், மங்கி குல்லாவோடு அண்ணன். சனிக்கிழமைதோறும் அதைத் துடைக்கப் போகிறாராம். இவருக்கு அவர்கள் பேச்சு பாதி புரியாது, அவர்களுக்கு இவர் பேச்சு முழுக்கப் புரியாது. ஒருவர் எதையோ சுட்டிக் காட்டுகிறார். அண்ணன் தலையாட்டி, ப்ரொபெல்லரின் ஓரத்தைக் குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போலத் துடைக்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து மகள் கத்துகிறாள்: "அப்பா, நீங்க பேத்திய பாக்க வந்தீங்களா, ப்ளேன் துடைக்க வந்தீங்களா?" பேத்தி கீழே தள்ளுவண்டியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் திரும்பி, கண்ணைத் திறந்துகொண்டு, மேலேயிருந்து அதற்குக் கை காட்டுகிறார்.

கூட வேலை செய்கிற ஒருவர் தார் சுமந்தபடியே என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"யாருங்க அது, வெள்ளக்காரங்க நடுவுல வேட்டியோட?"

"எங்க அண்ணன்."

"கூடப் பொறந்தவரா?"

போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த தாரைத் தூக்கினேன்.

"ஆமாங்க" என்றேன்.